பதில் வெடி

செண்பகத்தோப்புப் பக்கம் மலையில் புகை தெரிந்தால், அதற்காக யாரும் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டுப் பார்க்க மாட்டார்கள். மாசி பிறந்துவிட்டால் எங்காவது ஒரு மூலையில் எரியத்தான் செய்யும். வனத்துறை வாட்சர்கள் பச்சைத் தழையைக் கொத்தாக ஒடித்துக்கொண்டு ஏறுவார்கள், அடிப்பார்கள், கரி பூசிய முகத்தோடு இறங்கி வந்து டீ கேட்பார்கள். அந்தப் பங்குனியிலும் நாலு நாளாகப் புகைந்துகொண்டிருந்தது. காயப்போட்ட துணியெல்லாம் புகை வாடை அடிக்கிறது என்று நாராயணி மலையைப் பார்த்துத் திட்டினாள். அதற்கு மேல் அந்தத் தீயைப் பற்றி அவளுக்கு ஒரு கவலையும் இல்லை.

ஐந்தாம் நாள் மத்தியானம் காற்று திரும்பியது. சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது சோலைராஜ் என்கிற வாட்சர் பைக்கில் வந்து முற்றத்தில் நின்றான். வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லை.

"யக்கா, கெளம்புங்க. தீ எறங்கிருச்சு. ஓடைக்கு அந்தப் பக்கம் வந்தாச்சு. கால் மணி நேரந்தான் இருக்கு. வன்னியம்பட்டி ஸ்கூல்ல எடம் போட்டிருக்கு."

"கால் மணி நேரத்துல எதத் தூக்க, எத விட? வெளாடுதியாலே?"

"உசுரத் தூக்கிட்டு வாங்க, போதும்." பேசிக்கொண்டே கையைத் தெற்கே நீட்டினான். "அங்கிட்டு வீட்டுல யாரு இருக்கா?"

"எந்தங்கச்சி. அவ மட்டுந்தான் இருப்பா. அவ புருசன் மில்லுக்குப் போயிருப்பாரு."

"கூப்பிடு தூரந்தான? நீங்க சொல்லிருதியளா? எனக்கு மேல இன்னும் ஆறு தோப்பு கெடக்கு."

நாராயணி சரி என்று தலையை ஆட்டினாள். சோலைராஜ் அதை நம்பி மேலே போய்விட்டான்.

கூப்பிடு தூரம் என்று அவன் சொன்னது சரிதான். அப்பா விட்டுப்போன ஆறு ஏக்கர் மாந்தோப்பை அக்காவும் தங்கையும் நடுவில் கிளுவை வேலி வைத்து இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் நாராயணியும் அவள் புருஷன் கண்ணபிரானும். அந்தப் பக்கம் தங்கை ஜயலக்ஷ்மியும் அவள் புருஷன் ஜனார்த்தனும். அவன் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தான். வேலியோரம் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் அந்த வீட்டு வாசலில் கேட்கும். ஆனால் அந்தச் சத்தத்தை நாராயணி கொடுத்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

நடந்தது இதுதான். மலையடிவாரத்தில் செல்போனை நம்பிப் பிழைக்க முடியாது. சிக்னல் இருக்கிற நேரம் யானை வராது, யானை வருகிற நேரம் சிக்னல் இருக்காது. ஆகவே அங்கே வெடிதான் போன். யானையை முதலில் பார்க்கிற வீட்டுக்காரர் வெடி போடுவார். ஒற்றை யானை என்றால் இரண்டு வெடி. கூட்டம் என்றால் அதற்கு மேல். கேட்ட வீட்டுக்காரர் அடுப்பில் தண்ணீரை ஊற்றி, கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட வேண்டும். போகும்போது ஒரே ஒரு வெடியைத் திருப்பிப் போட வேண்டும். கேட்டுவிட்டது, உள்ளே போகிறோம் என்று அர்த்தம். அதற்குப் பிறகு, முதலில் வெடி போட்ட வீட்டிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்று 'போயிட்டுது' என்று சொல்லும்வரை கதவைத் திறக்கக் கூடாது. இதையெல்லாம் யாரும் எழுதி ஒட்டவில்லை. முன்பு ஒரு தோப்புக் காவல்காரர் அவசரப்பட்டுக் கதவைத் திறந்தார். அவரைச் சாக்கில் அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்த பிறகு அந்த வட்டாரத்தில் ஒருவரும் அவசரப்படுவதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கண்ணபிரான் போட்ட வெடிக்கு மிரண்ட யானை மலைக்குப் போகாமல் வேலியை மிதித்துக்கொண்டு ஜயலக்ஷ்மி பக்கம் போனது. குலை தள்ளுகிற பருவத்தில் நின்ற எண்பது வாழையையும் தரைமட்டமாக்கிவிட்டுத்தான் மலையேறியது. விடிந்ததும் ஜயலக்ஷ்மி வேலியோரம் வந்து நின்று, "ஒந்தோப்பக் காப்பாத்த எந்தோப்புல ஏத்திவிட்டுட்டேல்லா!" என்று கத்தினாள். கத்தினவளை அழவிட்டிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். நாராயணிக்கு வாய் சும்மா இருக்குமா? "பிள்ள குட்டி இல்லாதவளுக்கு எதுக்குட்டி இம்புட்டு ஆங்காரம்?" என்று கேட்டுவிட்டாள். ஜயலக்ஷ்மி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு போனவள்தான்.

சொன்னது தப்பு என்பது வீட்டுப் படி ஏறுவதற்குள்ளேயே நாராயணிக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன பிரயோசனம்? நான் மூத்தவள், அவள் வரட்டும் என்று இருந்துவிட்டாள். ஆண்டாள் கல்யாணத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் சன்னதியில் இருவரும் எதிரெதிரே நிற்பார்கள்; ஒருத்தி துளசியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது மற்றவள் தூணைப் பார்ப்பாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பேச்சுதான் நின்றதே தவிர வெடி நிற்கவில்லை. இந்தப் பக்கம் வெடி போட்டால் அந்தப் பக்கமிருந்து ஒற்றை வெடி தவறாமல் வந்தது. அந்தப் பக்கம் போட்டால் இங்கிருந்து போயிற்று. 'போயிட்டுது' சொல்ல மட்டும் கண்ணபிரான் போவார். வாய் விட்டுப் பேசாத இரண்டு வீடுகளுக்கு நடுவே அது ஒன்றுதான் மிச்சமாக ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது தீ வந்துவிட்டது. கண்ணபிரான் கிணற்று மேட்டில் ஏறி நின்று, சிக்னல் கிடைத்த இரண்டு நிமிஷத்தில் மாங்காய் வியாபாரி நைனா முகமதுவைக் கூப்பிட்டு லோடு ஆட்டோவைக் கொண்டுவரச் சொன்னார். நாராயணி வீட்டுக்குள் ஓடினாள். ஓடினாளே தவிர, எதற்கு ஓடினோம் என்று தெரியாமல் நடு வீட்டில் நின்றாள். கோவையில் வேலை பார்க்கும் மகளின் சர்டிபிகேட் எல்லாம் ஒரு பையில் இருந்தது, அதை எடுத்தாள். பத்திரம், பேங்க் புத்தகம், ரேஷன் கார்டு. பிறகு புத்தி மாறிப்போய் உப்பு ஜாடியை எடுத்தாள். மிக்சியை விட்டுவிட்டு மிக்சி மூடியை எடுத்தாள். பெருமாள் படத்தை ஆணியிலிருந்து கழற்றிவிட்டு அம்மா படத்தைக் கழற்ற முடியாமல் இழுத்தாள். கண்ணாடியில் கீறல் விழுந்தது. முப்பது வருஷம் பெருக்கித் துடைத்த வீடு, தீ அதைத் தின்ன வருகிறது, இவள் கையில் மிக்சி மூடி. அவளுக்கே அவளைப் பார்த்தால் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. அழுவதற்கு நேரமில்லை என்பதால் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

கண்ணபிரான் தொழுவத்திலிருந்து குரல் கொடுத்தார். "ஒரு எட்டுப் போயி ஜெயாகிட்ட சொல்லிட்டு வந்துருதேன்."

"நீங்க போயிட்டா மாட்ட யாரு அவுக்க? கன்னுக்குட்டிய யாரு பிடிக்க?"

"அவ தனியா கெடப்பாளே."

"வெடி போடுதேன். கேட்டா வெளிய வந்து பாக்க மாட்டாளா? பாத்தா பொகை தெரியாமலா போகும்? அவ என்ன சின்னப் பிள்ளையா?"

ஒரு நிமிஷம் போதும், வேலியோரம் போய் 'ஏட்டி ஜெயா, தீ வருது' என்று நாலு வார்த்தை சொல்ல. அது நாராயணிக்குத் தெரியாதா என்ன? இரண்டு வருஷம் கழித்து முதல் பேச்சை நான் எடுப்பதா, தீக்குப் பயந்து எடுத்தாள் என்று அவள் நினைக்க மாட்டாளா என்று, அத்தனை புகைக்கு நடுவிலும் அவள் மனசு கணக்குப் பார்த்தது. மாடத்திலிருந்து வெடி டப்பாவை எடுத்தாள். இரண்டு போட்டால் யானை என்று நினைத்துவிடப் போகிறாள் என்று, அந்தப் பதற்றத்தில் அதற்கு மேல் யோசிக்காமல் நாலு போட்டாள். சருகு இல்லாத சிமெண்டுத் தளத்தில் வைத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கொளுத்தினாள். நாலாவது வெடித்ததும் காதைப் பொத்தின கையை எடுத்துவிட்டுத் தெற்கே பார்த்து நின்றாள்.

செத்த நேரத்தில் மாமரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து ஒற்றை வெடி கேட்டது.

நாராயணிக்கு அப்பாடா என்றிருந்தது. கேட்டுவிட்டாள், இனி அவள் பாடு. வாயைத் திறக்காமலே காரியம் முடிந்ததில் ஒரு அற்ப சந்தோஷமும் கூட இருந்தது. "பதில் வந்துருச்சு, மாட்ட அவுத்துவிடுங்க" என்று புருஷனுக்குச் சத்தம் கொடுத்தாள்.

நைனா முகமது சொன்ன நேரத்துக்குக் கால் மணி நேரம் பிந்தித்தான் வந்தான். அதற்குள் மலை தெரியவில்லை. வானம் செங்கல் நிறமாகி, மாமரத்து இலைகள்மேல் சாம்பல் விழத் தொடங்கியிருந்தது. பசுவும் கன்றும் யாரும் ஓட்டாமலே கிழக்கே இறங்கி ஓடின. நாராயணி வீட்டைப் பூட்டினாள். பூட்டிவிட்டு ஒரு தடவை இழுத்தும் பார்த்தாள். தீக்கு என்ன பூட்டு என்று கண்ணபிரான் கேட்கவில்லை. அவரும் பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். கொடியில் இவள் பாவாடையும் அவர் வேட்டியும் மடிக்காமல் ஆடிக்கொண்டிருந்தன. வண்டி கிளம்பியபோது அவள் கண்ணில் கடைசியாகப் பட்டது அதுதான்.

தார் ரோடு ஏறுகிற முக்கில் சோலைராஜ் நின்று வண்டிகளைக் கீழே அனுப்பிக்கொண்டிருந்தான்.

"தங்கச்சிக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு" என்றாள் நாராயணி. பொய் சொல்லுகிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அவன் கையிலிருந்த பேப்பரில் ஏதோ எழுதினான்.

வன்னியம்பட்டி ஸ்கூலில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிப் பாய் விரித்திருந்தார்கள். யாரோ புண்ணியவான் சாம்பார் சாதம் கொண்டுவந்திருந்தார். தோப்புக்காரர்கள், கூலிக்காரர்கள், மலைமேல் தேன் எடுக்கிறவர்கள் என்று அறுபது எழுபது பேர் ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்து, அவரவர் வீடு இந்நேரம் என்ன ஆகியிருக்கும் என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மோட்டாரை நினைத்து அழுதார். ஒருத்தி அடைகாத்த கோழியைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். நாராயணி யார் பேச்சிலும் கலக்கவில்லை. தன் பாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கிற இடத்தைப் பையை வைத்துப் பிடித்துக்கொண்டாள். யாராவது உட்கார வந்தால், "ஆள் வருது" என்றாள்.

ஆம், அவளுக்கு அப்படியொரு ஆசை வந்துவிட்டது. வீடு போனாலும் போகிறது, இன்று ராத்திரி ஜெயா இந்தப் பாயில்தான் படுத்தாக வேண்டும், வேறு எங்கே போவாள்? முதலில் என்ன கேட்பது என்றுகூட யோசித்து வைத்தாள். 'சாப்பிட்டியாட்டி' என்று கேட்டுவிட வேண்டியது. அதற்கு அவள் ம் என்றாலும் போதும். வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் நாராயணி பார்க்காதவள் போலப் பார்த்தாள். நாலு மணி ஆயிற்று. ஜெயா வரவில்லை. ராஜபாளையத்தில் மாமியார் வீட்டுக்குப் போயிருப்பாள், என் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் அங்கே போயிருப்பாள் என்று எண்ணி, அதற்கும் கொஞ்சம் கோபப்பட்டுக்கொண்டாள்.

நைனா முகமது பேப்பர் கப்பில் டீ கொண்டுவந்து கொடுத்தான். கொடுத்துவிட்டுப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தான்.

"மன்னிச்சுக்கோங்கக்கா, நேரமாயிருச்சு. நான் அப்பமே வந்திருப்பேன். பாதி வழியில நாலு வெடி கேட்டுச்சு. கூட்டமா எறங்கிருச்சு போலன்னு வண்டிய ஆஃப் பண்ணிட்டு உள்ளயே குனிஞ்சு உக்காந்துட்டேன். பொறவு பதில் வெடியும் கேட்டுச்சா, செரி, ஆனைதான்னு முடிவே பண்ணிட்டேன். தீ வந்தா ஆனை எறங்கத்தான செய்யும்?"

நாராயணி கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாள். நிதானமாகத்தான் வைத்தாள். நாலு வெடி. கூட்டம். தீ வந்தால் யானை இறங்கும். ஜெயா அப்படித்தானே நினைத்திருப்பாள்? நாலு நாளாக இருக்கிற புகைதானே என்று அதை ஒதுக்கிவிட்டு, வெடிக்குத்தானே பயந்திருப்பாள்? வெடி கேட்டால் வெளியே வந்து பார்ப்பாள் என்று நினைத்தோமே, எந்தக் காலத்தில் வெடி கேட்டு நாம் வெளியே வந்து பார்த்திருக்கிறோம்? அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிற 'சொய்' என்ற சத்தம் அவள் காதுக்குள்ளேயே கேட்டது.

எழுந்து ஓடிப்போய்ச் சோலைராஜின் சட்டையைப் பிடித்தாள்.

"எந்தங்கச்சி உள்ள இருக்கா. கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கா."

"சொல்லியாச்சுன்னீயளேக்கா?"

"சொல்லலைலே. வெடிதான் போட்டேன். ஆனைன்னு நெனச்சு உள்ள போயிட்டாளே!"

சோலைராஜ் ஒரு கணம் அவள் முகத்தையே பார்த்தான். இன்னொரு வாட்சரைக் கூப்பிட்டுக்கொண்டு ஜீப்புக்கு ஓடினான். நாராயணி பின்னாலேயே ஓடினாள்.

"தட்டுனா தொறக்க மாட்டா. 'ஆனை போயிட்டுது'ன்னு சத்தம் போடு. எம்பேரச் சொல்லு. நாராயணி சொல்லச் சொன்னான்னு சொல்லு, அப்பந்தான் தொறப்பா!"

அவளையும் கண்ணபிரானையும் ஏற்றிக்கொண்டு நைனா முகமது ஜீப்புக்குப் பின்னாலேயே வந்தான். செக்போஸ்ட்டில் சங்கிலி போட்டு நிறுத்திவிட்டார்கள். கெஞ்சியும் விடவில்லை. அங்கே ரோட்டோரம் நாராயணி நின்றாள். 'ஒரு எட்டுப் போயிட்டு வந்துருதேன்னு சொன்னேனே' என்று கண்ணபிரான் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அவர் சும்மா தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆம்புலன்ஸ் ஒன்று மேலே போயிற்று. முக்கால் மணி நேரம் கழித்து இறங்கி வந்தது. பின்னால் ஜீப்பில் வந்த சோலைராஜ் இறங்கி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னான். வீடு எரியவில்லை. தீ ஓடை வழியாக வந்து ஜயலக்ஷ்மியின் வேலியையும் வைக்கோல் படப்பையும் தின்றுவிட்டு நின்றுவிட்டது. படப்பு எரிந்த புகை முழுக்க வீட்டுக்குள் புகுந்திருந்தது. அவன் நாராயணி சொன்னபடியே கத்தியிருக்கிறான், உள்ளேயிருந்து சத்தமில்லை. கதவை உடைத்தார்கள். கதவுக்கு உள்ளே ஒரு முழம் தள்ளி, ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு சுருண்டு கிடந்தாள். "உசுரு இருக்கு" என்றான்.

நாராயணியின் வீட்டில் ஓர் ஓடுகூட விரியவில்லை. கொடியில் கிடந்த வேட்டியில் சாம்பல் படிந்திருந்ததாம், அவ்வளவுதான். அதைக் கேட்டபோது அவளுக்கு அந்த வீடு எரிந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

மறுநாள் காலையில் அரசு ஆஸ்பத்திரியில் ஒருவர் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். ஜனார்த்தன் ராத்திரி முழுக்க நின்றிருந்தான். அவன் முகம் கழுவப் போன நேரத்தில் நர்ஸ் வெளியே வந்து, "நாராயணின்னு யாரு? கூப்பிடுதாங்க" என்றாள்.

ஜயலக்ஷ்மி மூக்கிலும் வாயிலும் மாஸ்க்கோடு கிடந்தாள். உடம்பில் ஒரு தீக்காயம் கிடையாது. தலைமயிர்கூடக் கருகவில்லை. பார்த்தால் காய்ச்சலில் படுத்திருக்கிறாள் என்றுதான் யாரும் சொல்வார்கள். நெஞ்சு மட்டும் அறுத்துப் போட்ட கோழி மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டது. நாராயணி கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். சேர்த்து வைத்திருந்த 'சாப்பிட்டியாட்டி' வாயில் வரவில்லை. தங்கைதான் மாஸ்க்கை விரலால் நகர்த்தினாள்.

"யக்கா." குரல் இல்லை, காற்றுதான் வந்தது. "ஆனை போயிட்டுதா?"

யாரும் அவளுக்குச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் நாராயணிக்குப் புரிந்தது. அவளைப் பொறுத்தவரை இன்னும் கதவு சாத்தித்தான் இருக்கிறது. வெடி போட்ட வீட்டிலிருந்து ஆள் வந்து சொல்ல வேண்டும், அதற்குத்தான் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள்.

"போயிட்டுது" என்றாள் நாராயணி.

"கூட்டமா?"

"ம்."

"களத்துல புளி ஒடச்சுக்கிட்டு இருந்தேன். ஒன் வெடி கேட்டுத்தான் உள்ள போனேன்." மூச்சு வாங்கினாள். நாராயணி மாஸ்க்கைச் சரிசெய்யக் கையைக் கொண்டுபோனாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "பேச்சு வார்த்த இல்லன்னாலும் வெடி போட்டியே. நீ போடலன்னா நான் வெளியவே நின்னுருப்பேன்."

வெளியவே நின்றிருந்தால் தீயைப் பார்த்திருப்பாள். பார்த்திருந்தால் ஓடியிருப்பாள். பத்து நிமிஷம் நடந்தால் தார் ரோடு. நாராயணிக்கு இதெல்லாம் வரிசையாகத் தெரிந்தது. வாயைத் திறந்தாள். 'ஆனை இல்லட்டி, தீ' என்று சொல்ல வேண்டும். தங்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் இரண்டு வருஷக் கோபம் ஒரு துளி இல்லை. நாராயணி வாயை மூடிக்கொண்டாள்.

"பேசாதட்டி, மூச்சு வாங்குது. தூங்கு."

"ம்" என்றாள் ஜயலக்ஷ்மி. அந்த 'ம்'முக்குத்தான் நாராயணி ஸ்கூலில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தாள்.

பகல் பதினொன்றரைக்கு ஜயலக்ஷ்மி போய்விட்டாள். புகை நுரையீரலுக்குள் போனால் தெளிந்தாற்போலத் தெளிந்து இப்படித்தான் ஆகும் என்று டாக்டர் சொன்னார்.

உடம்பைக் கொடுக்கப் பேப்பரில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. பிணவறைக்கு வெளியே ஒரு வேப்பமரம். அதற்குக் கீழே சிமெண்டு பெஞ்சில் ஜனார்த்தன் உட்கார்ந்திருந்தான். செட்டியார்பட்டியிலிருந்தும் ராஜபாளையத்திலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பேச்சு நாராயணியின் காதில் விழாமல் இல்லை. அக்கா சொல்லி அனுப்பியும் கிளம்பவில்லையாம், அவ்வளவு பிடிவாதமாம், வைராக்கியத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று செத்தவளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். சோலைராஜ் தூரத்தில் நின்றான். அவன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை என்று தெரிந்தது.

ஜனார்த்தன் நிமிர்ந்து பார்த்தான். மில் சட்டையில் பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மதினி, ஒண்ணு கேக்கேன். வாட்சர் லிஸ்ட்டுல நீங்க சொல்லியாச்சுன்னு எழுதியிருக்கு. சொல்லியும் ஏன் வராம இருந்தா? ஒங்க மேல உள்ள கோவத்துலயா? அதுக்காகச் சாவாளா ஒருத்தி? கோவம் பெருசா, நான் பெருசான்னு அவ நெனச்சுப் பாக்கலையா?"

அவன் அழவில்லை. பெண்டாட்டி மேல் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தான். நாராயணி பேசாமல் இருந்தால் போதும், இவன் ஆயுசுக்கும் அந்த வருத்தத்தோடு இருப்பான். அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. கண்ணபிரான் சொல்ல மாட்டார், சோலைராஜும் சொல்லவில்லை. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதால் இந்தக் கேள்வி அப்படியே போய்விடும். ஒரு கணம் அவளுக்கு அப்படியும் தோன்றியது. ஆனால் செத்தவள் தலையில் பழியைப் போட்டு மறைத்து என்ன ஆகப் போகிறது?

"நான் சொல்லல தம்பி" என்றாள். "வேலி வரைக்கும் போகல. எங்க வீட்டுக்காரர் போறேன்னாரு, நாந்தான் தடுத்தேன். நாலு வெடி போட்டேன். கேட்டு வெளிய வருவான்னு நெனச்சேன். அவ ஆனைன்னு உள்ள போயிட்டா. நாந்தான் அவள உள்ள அனுப்பிட்டேன்."

சொந்தக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணபிரான் ஒரு அடி முன்னால் வந்து, அப்படியே நின்றார். ஜனார்த்தன் தரையில் கிடந்த வேப்பம்பூவைப் பார்த்தபடியே கேட்டான்.

"பதில் வெடி போட்டாளா?"

"போட்டா."

"ஒத்த வெடியா?"

"ஒத்த வெடிதான். நல்லாக் கேட்டுச்சு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அவன் முகம் மெதுவாக இளகியது. அப்போதுதான் அழுகை வந்தது.

"அப்ப கோவம் இல்ல" என்றான். "ஒங்கள நம்பித்தான் மதினி உள்ள இருந்திருக்கா. நீங்க வந்து சொல்லுவியன்னு இருந்திருக்கா."

அவன் எழுந்து கையெழுத்துப் போட உள்ளே போனான். நாராயணி அங்கேயே நின்றாள். அவன் அடிப்பான், ஏசுவான் என்றுதான் அவள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு நின்றிருந்தாள்.